இழுத்துக்கொண்டு போனானாம்

சமையலறையில் மிளகாய் அரைபடும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அரைபடுவது மிளகாய் மட்டுமல்ல, தானும்தான் என்று முன்னறையில் கோப்போடு உட்கார்ந்திருந்த அரசு வழக்கறிஞர் கிரிமால்தோவுக்குத் தெரியும்.

"டாக்டரே, இன்னும் போகலையா?" என்று குரல் வந்தது. எங்கள் மலையூரான அயாகூச்சோவில் வக்கீல்களையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நாளைக்குக் காலைல சாட்சி சொல்லணும்மா. அந்த 'போனானாம்'ல இருக்கிற 'ஆம்'ஐ மட்டும் விட்டுருங்க, போயிடறேன்."

சத்தம் நின்றது. தொனாத்தீலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

எங்கள் கெச்சுவா மொழியில் தானே அறிந்ததை ஒரு மாதிரியும், பிறர் சொல்லி அறிந்ததை இன்னொரு மாதிரியும் முடிக்க வேண்டும். வந்தான், வந்தானாம் என்பதுபோல. மாற்றி முடித்தால் பொய். சந்தையில் முப்பது வருடம் ரொட்டி விற்ற தொனாத்தீலா இதில் எமகாதகி. தான் தொட்டுப் பார்க்காத ரொட்டியை, "சூடா இருக்குதாம்" என்றுதான் விற்பாள். பிறந்த நாள் கேட்டால், "ஜூன்ல பொறந்தேனாம். நான் அப்போ கவனிக்கலை" என்பாள்.

ராணுவமும் கெரில்லாக்களும் எங்கள் மலைகளைப் பங்குபோட்ட காலத்தில், அவள் கணவன் தியோபிலோவை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். யாழ் வாசிப்பவன். அப்போது கல்யாணமாகி மூன்று வருடம். விசாரணையில், அன்று என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "கேப்டன் இழுத்துட்டுப் போனானாம்" என்று சொல்லிவிட்டாள். வேறு சாட்சி உயிரோடு இல்லை. இது ஊர்ப்பேச்சு என்று கேப்டனின் வக்கீல் தள்ளிவிட்டால், கிழவன் கேப்டன் நாளை மாலையே வீட்டுக்குப் போய்விடுவான்.

"போனான்னு சொல்லுங்கம்மா. உங்களுக்கே தெரியுமில்ல?"

"நான் சோளக் குதிருக்குள்ள இருந்தேன். கண்ணு பார்க்கலை. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்றதுக்கு நான் என்ன வக்கீலா?"

கிரிமால்தோ தலையில் கைவைத்தார். "அப்போ கேப்டன்தான்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டு மாசமா தினம் காலைல என்கிட்ட ரொட்டி வாங்கினவன். தினமும் உப்பு கம்மின்னு சண்டை. அந்த மூக்குக் குரல் எனக்குத் தெரியாதா?" அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக் காட்டினாள். "'இன்னொரு பாட்டு வாசிடா' ன்னான். இவர் வாசிச்சார். பாதியில, 'போதும், ஏத்துங்கடா இவனை வண்டியில' ன்னான்."

மூக்கிலிருந்து கையை எடுக்க அவள் மறந்துபோனாள்.

கிரிமால்தோ நிமிர்ந்தார். "அம்மா, இப்போ நீங்க 'ன்னானாம்'னு சொல்லலையே."

"ஏன் சொல்லணும்? என் காதுல விழுந்தது. எவளோ வந்து சொன்னதா?"

அவர் பேனாவைத் தேடினார். என்ன நடந்தது என்ற கேள்வியை அடித்துவிட்டு, காதில் என்ன விழுந்தது என்று எழுதினார்.

"நாளைக்கு இப்படித்தான் கேட்பேன்."

"இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே. எத்தனை வருஷம் படிச்சீங்க டாக்டரே?"

"ஆறு."

"பத்தலை."

சிரித்தபடியே அவர் கடைசிக் கேள்விக்கு வந்தார். "அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?"

தொனாத்தீலா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கொன்னுட்டாங்களாம்."

எலும்புகளை அவளே கையெழுத்திட்டு வாங்கி, வெள்ளைப் பெட்டியில் வைத்துப் புதைத்திருந்தாள். கிரிமால்தோவும் அன்று கூட நின்றவர்தான்.

"அதையும் மாத்தணுமா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"வேண்டாம்மா. அதைச் சொல்ல எலும்பைச் சோதிச்ச நிபுணர் வருவார். உங்ககிட்ட நான் கேட்கமாட்டேன்."

அவள் தலையாட்டினாள். "காலைல எட்டு மணிதானே?"

"எட்டரை."

"எட்டுக்கே வந்துடுவேன். அவன் உள்ளே வரும்போது நான் உட்கார்ந்திருக்கணும்."

கிரிமால்தோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டு, தொனாத்தீலா கதவைச் சாத்தினாள்.