அலமேலு தேர்ந்தெடுத்த கஸ்க்

ஹெட்போன் கம்பியின் ஒரு முனையை நாக்கில் வைத்துக்கொண்டு, மறு முனையால் கையிலிருக்கும் கத்தரிக்கோலைச் சுரண்டுகிறாள் அலமேலு. காதில் 'டிக்' என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். கேட்காவிட்டால் கம்பியைத் துப்பிவிட்டு, கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள்.

"செத்துப்போச்சு. எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணுங்க."

என் தங்கைக்கு முப்பத்தாறு வயது. எங்கள் தீவில் பீனிக்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது வீடு. சீனர் கடைக்குச் சட்டைக் காலர் தைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பது தொழில். ஒரு நாளைக்குப் பதினான்கு காலர், நான் எண்ணியிருக்கிறேன். இந்த ஊரில் தன் கையாலேயே ரேடியோ செய்துகொண்ட பெண் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அண்ணன் என்பதால் சொல்லவில்லை. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவளுடைய ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். காலி ரம் புட்டி ஒன்றின் மேல் இருநூற்றுப் பதினேழு சுற்றுச் செம்புக் கம்பி. பக்கத்தில் நகமளவு ஈயக்கல். அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஓர் ஊசிமுனை, சரியான புள்ளியில் பட்டால்தான் குரல் வரும். லிச்சி மரத்திலிருந்து கூரைக்கு நாற்பது முழம் ஏரியல், தண்ணீர்க் குழாயோடு கட்டிய இன்னொரு கம்பி. அவ்வளவுதான். ஒலியைப் பெருக்கிக் கொடுக்க அதில் ஒன்றும் கிடையாது. காற்றில் வந்தது எவ்வளவோ அவ்வளவே காதுக்கு. புட்டியைக் காலி செய்தது கணவர் திருவேங்கடம் என்பதால் பாதி உழைப்பு அவருடையது என்பாள்.

இப்படிப்பட்ட ரேடியோவில் ஹெட்போன்தான் எல்லாம். எங்கள் தெருவில் அதற்குக் 'கஸ்க்' என்று பெயர். அவளுடைய பழைய கஸ்க் போன மாதம் கஞ்சிப் பாத்திரத்தில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, வெயிலில் வைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள். "சட்டைக் காலரா இருந்தா விறைப்பா நின்னிருக்கும்" என்று சொல்லி, அதைக் கோழிக்கூண்டுக் கதவில் மாட்டிவிட்டாள்.

வேறு சமயமாக இருந்தால் அவசரமில்லை. ஆனால் வரும் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு, வானொலியின் தமிழ் அரைமணியில், திருவேங்கடம் பாடப் போகிறார். ரயில் நிலையத்தில் பெட்டிகளைக் கொக்கி மாட்டி இணைக்கிறவர் அவர். இருபது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் முருகன் பாட்டுப் பாடுகிறவர். நேரடி ஒலிபரப்பு. ஒருமுறை போனால் போனதுதான். சீனர் கடையில் பெரிய ரேடியோ இருக்கிறதே, அங்கே போய்க் கேளேன் என்றேன்.

"தோ ஃபூ, அண்ணே? உனக்குப் பைத்தியமா?" என்றாள். "பத்து ஆம்பளைங்க ரம் குடிச்சிக்கிட்டுக் குதிரைப் பந்தயம் பேசற எடத்துல நின்னு எம் புருஷனைக் கேக்கணுமா?"

இரண்டு கஸ்க் வந்தன. முதலாவது ரேமோனுடையது. யுத்தத்தில் எகிப்துக்குப் போய்வந்தவர். தடித்த ரப்பரும் தோல் பட்டையுமாக, தலையில் மாட்டினால் கழுத்து ஒரு விரல் உள்ளே போகும். தம்பி கல்யாணத்துக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்தால் அவளுக்கே தருவதாகச் சொன்னார். இரண்டாவது ஆல்பெருடையது. தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மெல்லிய கம்பிப் பட்டை, கறுப்புக் காது மூடி, பிரான்சிலிருந்து வந்தது. அவருக்கு வேண்டியது, பழைய கோட்டைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்துத் தருவது. காலர் வேலைக்கு நடுவே ஞாயிறுக்குள் இரண்டில் ஒன்றுதான் முடியும்.

அவர்கள் பேசியது தீவின் கிரியோல் மொழி. நான் தமிழில் எழுதுகிறேன்.

"மதாம் அலமேலு, எகிப்துல இதை மாட்டிக்கிட்டா குண்டு விழுந்தாலும் நிம்மதியாத் தூங்கலாம்" என்றார் ரேமோன்.

"தூங்கறதுக்கா? அப்போ தலையணையே குடுத்திருக்கலாமே."

ஆல்பெர் சிரித்தார். "என்னுதுல பாரிஸே பேசும், மதாம்."

"பாரிஸ் எனக்கெதுக்கு, மிஸ்யே? பீனிக்ஸ் பேசினாப் போதும்."

இருவரையும் அனுப்பிவிட்டு நான்கு நாள் சோதித்தாள். நாக்குச் சோதனையில் இரண்டும் தேறின. பிறகு அவள் செய்த சோதனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. என்னைக் கூரை மேல் ஏற்றினாள். அவள் உள்ளே கஸ்க்கை மாட்டிக்கொண்டு செய்தி கேட்க, நான் ஏரியலை முழம் முழமாகச் சுருட்டிக்கொண்டே வரவேண்டும். கம்பி குறையக் குறையக் குரல் தேயும். எத்தனையாவது முழத்தில் செத்துப்போகிறதோ அதுதான் அந்தக் கஸ்க்கின் பலம். "இழு!" என்பாள். இழுப்பேன். "இன்னும் உயிரு இருக்கு, இழு!"

ரேமோனுடையது ஒன்பதாவது முழத்தில் ஓய்ந்தது. ஆல்பெருடையது இருபத்தாறு வரை தாங்கியது. மறுநாளும் அதே நேரத்தில் செய்தோம், ஒன்பது, இருபத்தாறு. எனக்குச் சந்தேகமே இல்லை. இறங்கி வந்து கை கழுவினேன். அவளோ ரேமோன் தம்பியின் கால்சட்டைத் துணியை மேசையில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"அலமேலு, தோத்தது அதுதான்."

"தெரியும்."

"அப்புறம்?"

ஆல்பெரின் கஸ்க்கை என் தலையில் மாட்டினாள். செய்தி வாசிப்பவர் கணீரென்று பேசினார், மூக்கில் துணிக் கிளிப் மாட்டியவர்போல. அடுத்து ஒரு பெண் பாடினாள். அவளுக்கும் அதே மூக்கு. பிறகு ரேமோனுடையதை மாட்டினாள். முதலில் ஒன்றுமே இல்லை. மூச்சை அடக்கிய பிறகு, அடுத்த தெருவில் யாரோ பாடுவதுபோல மிக மெல்லிசாக அந்தப் பெண் வந்தாள். ஆனால் அது ஒரு பெண். தொண்டை இருந்தது.

"ஆல்பெருதுல எல்லாருக்கும் ஒரே குரலு. ஐயரு, ஆட்டுக்குட்டி, எம் புருஷன், எல்லாம் ஒண்ணு" என்றாள். "பாட்டு வார்த்தை எனக்கு மனப்பாடம் அண்ணே. அதைக் கேக்கவா உக்காரப் போறேன்?"

"காத்து கொஞ்சம் அடிச்சா ஒண்ணுமே கேக்காதே. ஒரு நாய் குரைச்சாப் போச்சு."

"குரைக்காம பாத்துக்கறேன்."

ஆல்பெர் தன் கஸ்க்கையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். தந்தி ஆபீசில் முப்பது வருடம் கேட்ட காதைவிடத் தையற்காரி காது பெரிதா என்று வாசலில் கேட்டார். "பெருசில்ல மிஸ்யே, கல்யாணம் ஆன காது" என்றாள்.

திருவேங்கடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டின் மூன்றாவது அடியில் குரல் மேலே ஏற வேண்டும். அதற்குச் சற்று முன்னால் தொண்டைக்குள் சின்னதாக ஒரு 'க்ம்'. அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது, சொன்னால் கோபித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமைகளில் அந்த 'க்ம்' வந்ததும், அலமேலு தைப்பதிலிருந்து தலை தூக்காமல், "வண்டி மேடு ஏறப்போவுது" என்று முணுமுணுத்தபடி, வெந்நீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளுவாள். அவர் பாட்டை விடாமல் ஒரு வாய் குடிப்பார்.

ஞாயிறன்று இஸ்திரி போட்ட சட்டையோடு பதினொரு மணிக்கே கிளம்பினார். "நல்லா இருந்துச்சா இல்லையான்னு பொய் சொல்லாம சொல்லு" என்றார் அவளிடம். "நா எப்ப பொய் சொன்னேன்? நேத்திக்கே நல்லா இல்ல" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் தெரு முனை திரும்பும் வரை அவள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் நின்றாள்.

இரண்டு மணிக்குத் தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுக் கரோலுடைய சேவலைக் கூடையால் கவிழ்த்து, மேலே ஒரு பழைய பாவாடையைப் போட்டாள். கரோல் சண்டைக்கு வந்தாள். "அரை மணி நேரம்தான். செத்தா நா சமைச்சுத் தரேன்" என்று பதில் சொன்னாள். நாய்க்கு எலும்பு வைத்தாள். வீட்டுக்குள் வந்து சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றினாள். என்னைக் கதவருகே உட்கார வைத்தாள்.

"அண்ணே, மூச்சை மெதுவா விடு. உனக்குச் சளி."

மூன்றடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது தையல் மேசையின் முன் உட்கார்ந்தாள். மேசையில் கால்சட்டை, ஒரு கால் தைத்து முடிந்தும் மறு கால் முடியாமலும். பக்கத்தில் அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளர். எதிரே திருவேங்கடத்தின் நாற்காலி காலியாக இருந்தது. எகிப்து கஸ்க்கைத் தலையில் அழுத்தி, ஊசிமுனையை ஈயக்கல்லின் மேல் மெல்ல நகர்த்தினாள். நிறுத்தினாள். பின்பு மறுபடி நகர்த்தினாள். அவள் நெற்றியில் வேர்த்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் அதில் ஒரு மாறுதலும் இல்லை. கூடைக்குள் சேவல் ஒருமுறை சிறகடித்தது. ஆல்பெருடையதை வாங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிய அந்த நேரத்தில், அலமேலுவின் உதடு லேசாக அசைந்தது. கண்ணை மூடியபடியே வலது கையை நீட்டினாள். டம்ளரைக் காலி நாற்காலியின் பக்கமாகத் தள்ளினாள். அது சாய்ந்து, ரேமோன் தம்பியின் கால்சட்டை மேல் தண்ணீர் முழுக்கக் கொட்டியது. அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.