நனையாத இரண்டு முழங்கால்கள்

இன்று காலை எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தது. இந்த வாரத்தில் இது நான்காவது. லாரியின் தடித்த குழாயிலிருந்து தண்ணீர் விழும்போது, காய்ந்து கிடந்த தொட்டியின் சிமென்ட்டிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். மழை பெய்ததும் மண்ணில் வருமே, அதுபோல இனிமையானதல்ல. சுண்ணாம்பும் துருவும் கலந்த கடுமையான வாசனை. நான் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தேன். வாட்ச்மேன் சிரித்தான். சிரிக்கட்டும். பார்க்காவிட்டால் எனக்குப் பகல் முழுவதும் வேறு வேலை ஓடாது.

இந்த வாசனை என்னை லிங்கராஜபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அங்கே ஒரு சந்தின் கடைசியில், முன்பு கோழித் தீவனம் அடுக்கிவைத்திருந்த ஷீட் கொட்டகைதான் எங்கள் சபை. மழைக்காலத்தில் ஜெபம் பண்ணும்போது தவிட்டு வாசனை வரும். கொட்டகைக்குப் பின்னால் ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு தொட்டி. அதில்தான் நான் ஞானஸ்நானம் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அது சரியா என்பதுதான் இத்தனை வருடமாக என்னை அரிக்கும் கேள்வி.

எங்கள் பாஸ்டரை நாங்கள் ஐயா என்றே கூப்பிடுவோம். கோலார் தங்கவயலில் பதினொரு வருடம் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். தூசியும் இருமலும் அங்கிருந்தே கூட வந்தவை. நீலம் சற்றுத் தூக்கலாகப் போட்ட வெள்ளை ஜிப்பா. தோளில் ஒரு துணிப்பை, அதில் வேதாகமம், எண்ணெய்ப் புட்டி, துண்டு. டீக்கடை பாயிடம் உருதுவும், பக்கத்து வீட்டம்மாவிடம் கன்னடமும், எங்களிடம் வட ஆற்காட்டுத் தமிழும் பேசுவார். என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஒன்பது மணி நேரம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போட்டு ஜெபிக்கக்கூடாது என்று காவலாளி சொன்னதும், சரி என்று வாயை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரே குறை, பிரசங்கத்தை முடிக்கத் தெரியாது. "கடைசியா ஒரு வார்த்தை" என்பார். அதன் பிறகு சராசரியாக முப்பத்தைந்து நிமிடம் ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அவரிடமே சொன்னேன். இனி சுருக்கிக்கொள்வதாக வாக்களித்தார். அடுத்த ஞாயிறு நாற்பத்திரண்டு நிமிடம்.

நான் பிறந்தது தெளிப்பு ஞானஸ்நானம் கொடுக்கிற பழைய சபையில். குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதோடு காரியம் முடிந்துவிடும். முப்பத்தோராவது வயதில், மூன்று சொட்டுத் தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது, முழுவதும் மூழ்க வேண்டும் என்று என் அப்பாவிடம் வாதாடிவிட்டு ஐயாவிடம் போனேன். அப்பா கோபப்படவில்லை. "மூணு சொட்டு உனக்குப் பத்தலையா? எத்தினி பக்கெட்டு வேணும்னு சொல்லுடா, நானே ஊத்தறேன்" என்றார்.

எத்தனை பக்கெட் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு. அது கோடைக்காலம், போர்வெல் வற்றியிருந்தது. லாரிக்குழாய் பின்புறம் வரை எட்டவில்லை. எனவே தெருவிலிருந்து பக்கெட் பக்கெட்டாகச் சுமந்தோம். அப்போது நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். போல்ட்டுகளை அளந்து, ஒரு மயிரிழை குறைந்தாலும் ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. ஆகவே தண்ணீர்ப் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். தொடைக்கு மேல் வரும்படி கணக்குப் போட்டு நிரப்பினேன். தொட்டியின் அடியில் ஒரு துவாரம் இருந்தது. அதைத் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்திருந்தார்கள். ஊற்றியதை எண்ணிய நான், ஒழுகியதை எண்ணவில்லை.

தொட்டிக்கரையில் நின்று ஐயா ஒன்றரை மணி நேரம் பேசினார். அன்று ஞானஸ்நானம் எடுக்க வந்தவர்கள் பதினொரு பேர். தண்ணீர் வேலையில் இருந்ததால் நான் கடைசி. நான் இறங்கும்போது தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. என் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். ஐயா என் முதுகைத் தாங்கி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி மல்லாக்கச் சாய்த்தார். முதுகு தொட்டியின் தரையில் இடித்தது, கால்கள் மடங்கி மேலே எழும்பின. காதுக்குள் தண்ணீர் புகுந்தது. எழுந்ததும் நான் முதலில் பார்த்தது என் முழங்கால்களை. வெள்ளைக் கால்சட்டையின் இஸ்திரி மடிப்பு அங்கே மட்டும் நனையாமல், கலையாமல் நின்றது. சுற்றி நின்றவர்கள் கண்ணை மூடிக் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஐயா மற்ற பத்துப் பேருக்கும் துண்டைத் தோளில் போர்த்தினார். எனக்கு மட்டும் இடுப்பில் சுற்றிவிட்டார்.

மூன்று வருடம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்பாவிடம் சொல்ல முடியுமா? எனக்குள் இருந்த இன்ஸ்பெக்டரோ தினமும் என்னை ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தான். முழுவதும் மூழ்காதது ஞானஸ்நானம் இல்லை என்று சொன்னவனே நான்தான். அப்படியென்றால் மறுமையில் என்னை எந்த வரிசையில் நிறுத்துவார்கள்? (இப்போது வலிப்பதும் அந்த இரண்டு முழங்கால்கள்தான். தற்செயல் என்று டாக்டர் சொல்கிறார்.)

கடைசியில் ஒரு சனிக்கிழமை ஐயாவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அன்னைக்கு என் முட்டி நனையல."

"தெரியும் பிரதர். ரெண்டும்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சிரிக்கப்போய் இருமினார். இருமல் அடங்கியதும், "உங்க கம்பெனில பீஸ் சரியில்லன்னா இன்னா பண்ணுவீங்கோ?" என்றார்.

"ரீவொர்க்குக்கு அனுப்புவோம்."

"அப்ப வாங்கோ. இன்னொரு தபா முக்கிடறேன். யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

எனக்கு அதிலும் பயம். ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்று அவரே பிரசங்கித்திருக்கிறார். இரண்டாவது எடுத்தால் முதலாவதைப் பொய்யாக்கியதாகாதா? எனக்கு முன்னால் இறங்கிய பத்தாவது ஆளுக்குத் தண்ணீர் எவ்வளவு இருந்தது? ஒன்பதாவது ஆளுக்கு? இப்படி நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் கை நீட்டி என் முழங்காலைப் பிடித்து நிறுத்தினார்.

"சுரங்கத்துல எறங்கினவங்கோ எத்தினி பேரு, ஏறினவங்கோ எத்தினி பேருன்னுதான் எண்ணுவாங்கோ. அன்னைக்குப் பதினோரு பேர் எறங்கினீங்கோ, பதினோரு பேர் ஏறினீங்கோ. நான் எண்ணினேன்." சாசரைக் கீழே வைத்தார். "மேல கேட்டாங்கன்னா நான் சொல்லிக்கறேன். நிறுத்தாம பேசித் தண்ணிய வடிய வுட்டது நான்தான்னு. தப்பு என் மேல."

பதினாறு நாள் நிம்மதியாக இருந்தேன். பதினேழாம் நாள் மறுபடியும் ஆரம்பித்தது. மறுமுழுக்கு எடுத்துவிடலாம் என்று நினைப்பேன். மழைக்காலம் முடியட்டும், சளி விடட்டும் என்று தள்ளிப்போடுவேன். அத்துடன் வெட்கக்கேடான கணக்கு ஒன்றும் வைத்திருந்தேன். ஐயா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர்தான் முன்னால் போவார்; போனதும் எனக்காகச் சொல்லிவிடுவார். இந்தக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். அவருக்கு மறதி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

போன வருடம் விவேக் நகரில் மகள் வீட்டில் இருந்த அவரைப் பார்க்கப் போனேன். "அப்பா, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க" என்றாள் மகள். அவர் புது மனிதரை வரவேற்பதுபோல் மரியாதையாக ஸ்தோத்திரம் சொன்னார். என் பெயரைக் கேட்டார். எங்கே வேலை என்று கேட்டார். நான் ரிட்டயராகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. பிறகு, புதிதாக வரும் எவரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"பிரதர், ஞானஸ்நானம் எடுத்துட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் நாக்கு எழுந்தது. "எடுத்தேன் ஐயா" என்றேன்.

"யாரு குடுத்தது?"

"நீங்கதான்."

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானா? அப்ப ரொம்ப நேரம் பேசியிருப்பேனே. மன்னிச்சுக்கங்கோ பிரதர்."

நினைவு வந்து சொன்னாரா, வெறும் உபசாரமா? பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இருபத்து மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு லிங்கராஜபுரத்துக்குப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் தங்கும் நாலு மாடி விடுதி. தொட்டி இருந்த இடத்தில் பைக்குகள், பதினேழு. வாசலில் நின்று, அன்று தண்ணீரில் இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணினேன். மற்ற பத்துப் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று தெரிந்த ஒருவரும் இந்த ஊரில் இல்லை. ஐயா மேலே சொல்லிவிட்டாரா என்று யாரிடம் விசாரிப்பது?