கடல் பார்க்கக் கிளம்பிய காலை

பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று நான் முதல் தடவை சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். இரண்டாவது தடவை, பார்க்கலாம் என்றார். மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடி கழன்று வருகிற பதம் பார்த்து வெளியே எடுப்பது அவர் பொறுப்பு. பதம் தப்பினால் தோல் போச்சு. அதனால் எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அந்தத் தொட்டியைக் கேட்டுத்தான் நடக்கும். என் தம்பி கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து, பந்தியில் கை நனைத்துவிட்டு ஓடிய மனிதர் அவர்.

பட்டணத்தில், ராயபுரத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே அவருடைய தங்கை குடியிருந்தாள். "பசங்களக் கூட்டிக்கினு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க அண்ணி" என்று ஊருக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி அனுப்புவாள். நாங்களும் கிளம்பத்தான் பார்த்தோம். ஒரு தடவை கப்பலுக்குச் சரக்கு போகிறது என்று நின்றது. இன்னொரு தடவை அடைமழை பிடித்துக்கொண்டது, தொட்டியை விட்டு நகர முடியாது என்றார். நான் மூட்டை கட்டிய இந்தத் தடவையும் அதே பாட்டு.

"தோலு சுண்ணாம்புல கெடக்குது. நான் எப்படி வர்றது?"

"நீங்க வர வேணாம். நானே கூட்டிக்கினு போறேன்."

"மூணு பசங்கள வெச்சிக்கினு தனியாவா? இன்னா, வெளையாடுறியா?"

நான் விளையாடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். எந்த வண்டி எப்போது வரும், எங்கே ஆற அமர நிற்கும் என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். அவர் நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு முடிவாக ஒன்று சொன்னார். "ஒரு தபா போய்ப் பாரு. ஏதாவது பேஜார் ஆச்சின்னா அதோட சரி. அப்புறம் தனியா எங்கியும் போறேன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். சொல்லும்போது கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை.

எங்கள் பிள்ளைகள் அதுவரை ரயில் ஏறியதே இல்லை. என் அம்மா வீட்டுக்கு மாட்டுவண்டியில்தான் போவோம். ஆகவே வீட்டிலேயே ரயில் விட்டேன். சுவரோரம் பெஞ்சைப் போட்டு, பெரியவளையும் பையனையும் அதில் உட்கார வைத்து, கைக்குழந்தையை என் மடியில் வைத்துக்கொண்டு, "காட்பாடி வந்துடுச்சி, யாரும் எறங்கக் கூடாது" என்பேன். "அரக்கோணம் வந்துடுச்சி, இப்போ சாப்பாடு." புளிச்சோற்றைச் சிந்தாமல் சாப்பிடப் பழக்கினேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் ஒரு கிள்ளு. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரியவளுக்கு ஏழு வயது, பையனுக்கு ஐந்து. இரண்டும் அப்படியே பிடித்துக்கொண்டன. சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் எங்கள் பெஞ்சில் ஏறப் போட்டி போட்டார்கள். வேலை முடிந்து வந்த அவர் வாசலில் நின்று, "எனக்கு எடம் இருக்குதா?" என்று கிண்டல் பண்ணினார். "டிக்கெட் வாங்கினவங்களுக்குத்தான்" என்றேன்.

கிளம்புகிற அன்று காலை அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். வண்டி வருகிற வரைக்கும் நிற்க நேரமில்லை. பையன் கன்னத்தைத் தட்டிவிட்டு வேலைக்கு ஓடினார்.

வண்டி வந்தது. பெரியவள் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒழுங்காக நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போர்ட்டர் பெட்டியை உள்ளே ஏற்றப் போன நேரத்தில் எஞ்சின் ஊதியது. தூரத்து ரயில் சத்தம் எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் பக்கத்தில் நின்று கேட்டால் அது வேறு சத்தம். நான் குழந்தையின் காதைப் பொத்திவிட்டுத் திரும்பினேன். பெரியவளும் இல்லை, பையனும் இல்லை. கூட்டத்துக்குள் புகுந்து, வாசலைத் தாண்டி, இரண்டும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன.

ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் ஷாப்புச் சங்கும் இதே மாதிரிதான் ஊதும், ஊதினால் கேட் திறக்கும். தோலுக்குப் போடுகிற ஆவாரம் பட்டை வண்டிகளும் தோல் வண்டிகளும் சரசரவென்று எங்கள் சந்து வழியாகத்தான் போகும், வரும். ஒரு வருஷம் பக்கத்து வரிசையில் ஒரு பிள்ளையின் கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் இது. சங்கு ஊதினால் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் பெரியவள் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வர வேண்டும். வந்து கதவு நிலையைத் தொட்டால் ஆளுக்கொரு துண்டு வெல்லம். நான் பழக்கியது சில நாள் பழக்கம். அவர் பழக்கியது ரத்தத்தில் ஊறிவிட்டது.

"பெட்டிய எறக்குப்பா" என்று போர்ட்டரிடம் கத்திவிட்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானும் ஓடினேன். வண்டி என்னை விட்டுவிட்டுப் போகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அதைப் பற்றி நினைக்க முடியவில்லை. வழியெல்லாம் மாட்டுவண்டிகள். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் பார்த்துக்கொண்டே போனேன்.

இரண்டும் வீட்டு வாசலில் நிலையைத் தொட்டுக்கொண்டு நின்றன. பையனுக்கு மூச்சு வாங்கியது. "மொதல்ல நான்தான் தொட்டேன்" என்றான். பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். "ஆம்பள இல்லாம கெளம்பினா இப்படித்தான்" என்றாள். "நாலு போடு, அப்பத்தான் புத்தி வரும்" என்றும் சொன்னாள்.

நான் போடவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுத்தேன். சொன்னதைச் செய்த பிள்ளைகளை அடிக்க எனக்குக் கை வராது. ஆனால் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சங்கு ஊதினால் ஓடாதே என்று இன்றைக்கு நான் சொல்லிவிட்டால், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு இந்தச் சந்தில் யார் இவர்களைக் காப்பாற்றுவது? கொஞ்ச நேரம் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு இருவரையும் முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

"நான் பக்கத்துல இல்லாதப்ப ஊதிச்சின்னா வீட்டுக்கு ஓடணும். நான் பக்கத்துல இருந்தா, வீட்டுக்கு வேணாம். என்கிட்ட ஓடியாரணும். என் புடவையத் தொடணும்."

"வெல்லம்?" என்றான் பையன்.

"அதுவும் உண்டு."

வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைகளோடு நேராக ஷாப்புக்கு நடந்தேன். யாரோ போய்ச் சொல்லி அவருக்குத் தெரிவதை விட, என் வாயாலேயே தெரியட்டும். கேட் பக்கத்தில் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். முழங்கை வரை சுண்ணாம்போடு வந்தார். எங்களைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"ஏண்டா ஓடின?" என்று பையனைக் கேட்டார்.

"ஊதிச்சி நைனா. ஓடி வந்தேன்."

பையனைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். பெரியவளும் அவர் பக்கம் போய் ஒட்டிக்கொண்டாள். "போதும், வீட்டுக்குப் போ" என்று அவர் என்னிடம் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. வாயைத் திறந்தும் விட்டார். அந்த நேரத்தில்தான் மத்தியானச் சங்கு ஊதியது, எங்கள் தலைக்கு மேலேயே.

பையன் அப்பாவின் கையை உதறிக்கொண்டு வந்தான். பெரியவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். வீடு இருக்கிற பக்கம் இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் புடவையை இரண்டு பக்கமும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேட் திறந்து வண்டிகள் எங்களை ஒட்டிப் போயின. அந்த இரண்டு பேரையும் நான் பிடித்துக்கொள்ளவில்லை. அவை கடந்து போகும் வரை மூன்று பேரையும் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

அவர் வண்டிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். புழுதி அடங்கியதும் கிட்டே வந்தார்.

"மத்தியானத்துக்கு மேல ஒரு பாசஞ்சர் இருக்குது" என்றார்.

"தெரியும். ஸ்டேஷனுக்கு வர்றீங்களா?"

"எதுக்கு?" என்றார். "நீதான் இருக்கியே."

சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்க்க உள்ளே போய்விட்டார். அந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்கத்தான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு வெல்லத்தைக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.