படகு ஓடாத நாட்களில் டோகுஜி

டோகுஜி எங்கள் தீவின் படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தவர். அதே காத்திருப்பு அறையின் மறுகோடியில் என் ஊடோன் கடை, சூடான குழம்பில் தடித்த கோதுமை நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பேன். பதினைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஒரே ஒரு பகலை விட்டுவிட்டால், நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு கிண்ணம் ஊடோன் ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

அவருக்குத் திக்குவாய். சொல் தொண்டையில் வந்து நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் நிற்பவர் பொறுக்கமாட்டாமல் ஏதாவது ஒரு சொல்லைத் தாமே எடுத்துக் கொடுத்துவிடுவார். அது தான் நினைத்த சொல்லாக இல்லாவிட்டாலும் டோகுஜி தலையாட்டிவிடுவார். போர்க்காலத்தில் கடற்படையில் கொடியசைத்துச் செய்தி அனுப்பும் வேலை பார்த்தாராம். அந்த மூன்று வருஷமும்தான் அவர் வாயாடியாக இருந்த காலம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் தன் பெயரைச் சொல்ல முடியாமல் எழுந்து வந்ததோடு கல்யாணப் பேச்சும் முடிந்தது. பயணச்சீட்டு அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். தனக்குத் தானே சமைப்பார், சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

கினுயோ முதல்முதலாக வந்தது ஷோவா முப்பத்தைந்தாம் வருஷம், அதாவது 1960, வசந்தத்தில். தொயாமாவிலிருந்து வரும் மருந்துக்காரர்களை எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு மருந்துப்பெட்டி வைத்துவிட்டுப் போவார்கள். மறுபடி வரும்போது தீர்ந்ததற்குக் காசு வாங்கிக்கொண்டு நிரப்புவார்கள். எங்கள் தீவுக்கு எப்போதும் ஓர் ஆண்தான் வருவார். அவர் இறந்துபோக, அவர் மருந்து வைத்துவந்த வீடுகளை மனைவி கினுயோ எடுத்துக்கொண்டார். ஐம்பதைத் தொட்ட வயது. முதுகில் ஐந்தடுக்குக் கூடையைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையெல்லாம் ஏறி இறங்கினார். திரும்பும் நாளில் மூடுபனி வந்து படகு நின்றது.

"இன்று படகு இல்லை" என்ற பலகையை டோகுஜி மாட்டினார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கினுயோவுக்குப் போக வீடில்லை. என் கடையில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பிறகு கூடையின் மேலடுக்கிலிருந்து ஒரு பூச்சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பயணச்சீட்டு ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"பனி விலகற வரைக்கும் உங்களுக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல. வாங்க, ஒரு கை போடலாம்."

டோகுஜி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கினுயோ எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. சும்மா சீட்டைக் கலைத்துக்கொண்டே நின்றார். கடைசியில், "தெ... தெரியாது" என்றார் டோகுஜி.

"தெரியாதவங்களோட ஆடறதுதான் எனக்குப் பிடிக்கும்" என்றார் கினுயோ.

பெஞ்சின் மேல் துணியை விரித்து ஆரம்பித்தார்கள். தீப்பெட்டி அளவில் கெட்டியான சீட்டுகள், மொத்தம் நாற்பத்தெட்டு. எண்ணும் கிடையாது, எழுத்தும் கிடையாது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு செடி, ஒவ்வொன்றுக்கும் நாலு சீட்டு, சிலவற்றில் செடியோடு ஒரு மிருகமோ நிலவோ பொருளோ வரைந்திருக்கும். ஆளுக்கு எட்டு, நடுத் துணியில் எட்டு, அதைத் தரை என்பார்கள். கையிலிருக்கும் பூவைத் தரையிலிருக்கும் அதே பூவின் மேல் அடித்து இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜோடி இல்லையென்றால் ஒரு சீட்டைத் தரையிலேயே விட்டுவிட வேண்டும். அப்புறம் கட்டின் மேல்சீட்டைத் திருப்பி அதற்கும் அப்படியே. எடுத்தவற்றில் சேர்க்கை அமைந்தால்தான் புள்ளி. காட்டுப்பன்றி, மான், வண்ணத்துப்பூச்சி மூன்றும் சேர்ந்தால் ஒன்று, நிலவும் சாக்கே என்னும் அரிசி மதுக் கிண்ணமும் சேர்ந்தால் ஒன்று, இப்படிப் பல.

சேர்க்கை அமைந்ததும் வருவதுதான் ஆட்டத்தின் உயிரே. அத்தோடு நிறுத்திப் புள்ளியை வாங்கிக்கொள்ளலாம். அல்லது "கொய்-கொய்" என்று சொல்லி மேலே ஆடலாம். வா, வா என்று அர்த்தம். அதற்குள் எதிராளிக்குச் சேர்க்கை விழுந்துவிட்டால் கையில் இருந்தது போச்சு, அவருக்கு இரட்டிப்பு.

டோகுஜி சீக்கிரமே பிடித்துக்கொண்டார். ஆனால் எது அமைந்தாலும் உடனே கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "ஒரு புள்ளியோட எழுந்து ஓடறீங்களே, வீட்டுல அடுப்பு எரியுதா?" என்று கினுயோ சீண்டுவார்.

வசந்தத்தில் மூடுபனி, இலையுதிர்காலத்தில் புயல். வருஷத்துக்கு இரண்டு முறை வந்த கினுயோவை ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று ஒருநாளாவது நிறுத்தி வைத்தது. சில தடவை வானம் தெளிவாக இருந்தும் அவர் காலைப் படகைத் தவறவிட்டதை நான் கவனித்தேன், கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் செப்டம்பரில், கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது தெளிவான ஓர் ஆண்குரல் "கொய்-கொய்" என்றது. யாரோ புதியவர் என்று திரும்பிப் பார்த்தேன். டோகுஜிதான். அந்த ஆட்டத்தில் தோற்றார். காது வரை சிவந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் வருஷம் இலையுதிர்காலத்தில் கூடையோடு இறங்கியது நாற்பது வயது ஆண் ஒருவர். கினுயோவுக்குக் கோடையில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று என் கடையில் உட்கார்ந்து சொன்னார். டோகுஜி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாளையும் பென்சிலையும் கொண்டுவந்து அந்த ஆளின் முன்னால் வைத்தார். விலாசம் எழுதி வாங்கினார்.

மறுநாள் என்னிடம் வந்தார். "சுமா-சான், நா... நாலு நாள், ஜன்னலைப் பாத்துக்கங்க."

தொயாமாவில் கினுயோ வீட்டில் நடந்ததை அவர் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து. மூன்று ரயில் மாறினாராம். ஒவ்வொரு நிலையத்திலும் ஊர்ப்பெயரைத் தாளில் எழுதி ஜன்னலுக்குள் நீட்டினாராம். கதவைத் திறந்தது கினுயோவின் நாத்தனார். டோகுஜியால் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை. ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்து அந்த அம்மாள் கதவைச் சாத்தப் போனார். டோகுஜி கையிலிருந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துக் காட்டினார். ஒசாகாவில் ரயில் மாறும்போது வாங்கியது. உள்ளே படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை, வெறும் சத்தம். நாத்தனார் வழிவிட்டார்.

கினுயோவால் எட்டுச் சீட்டை ஒரு கையில் பிடிக்க முடியவில்லை. டோகுஜி தன் சாப்பாட்டுப் பெட்டியை நடுவில் நிறுத்தி, அவர் பக்கம் சீட்டுகளை அதன்மேல் சாய்த்து வைத்தார். கினுயோ இடது கையால் ஆடினார், மெதுவாக. மறதி எதுவும் இல்லை. பன்றியை எடுத்தார், மானை எடுத்தார், பிறகு வண்ணத்துப்பூச்சி. சேர்க்கை அமைந்துவிட்டது. இனி அவர்தான் சொல்ல வேண்டும், நிறுத்துவதா, மேலே ஆடுவதா என்று.

வாய் அசைந்தது. வரவில்லை.

"போதும்னு சொல்றா போல. களைச்சுப் போயிட்டா" என்றார் நாத்தனார்.

டோகுஜி கையை நீட்டி அவரைத் தடுத்தார். பிறகு முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார். தேநீர் ஆறியது. வெளியே யாரோ முள்ளங்கி கழுவும் சத்தம் கேட்டதாம். "எவ்வளவு நேரம்?" என்று நான் கேட்டேன். "தெ... தெரியல. எனக்கு அவசரமில்ல" என்றார்.

கடைசியில் கினுயோ இடது கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, விரல்களை இரண்டு தடவை மடக்கினார். தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி.

டோகுஜி ஆடினார். அவரிடம் நிலவு ஏற்கெனவே இருந்தது. கையில் சாமந்தி, தரையில் சாக்கேக் கிண்ணம் வரைந்த சாமந்தி. அடித்து எடுத்தார். நிறுத்தினார். கினுயோவின் சேர்க்கை வீணாயிற்று.

"நோயாளிகிட்டயா இப்படி ஆடுவீங்க?" என்று நாத்தனார் கடிந்துகொண்டார். கினுயோ பாதி முகத்தால் சிரித்தார். கண்ணீர் வருகிற வரை சிரித்தாராம். அன்று வெளிச்சம் இருக்கும்வரை ஆடினார்கள். மறுநாள் காலையிலும் ஆடினார்கள். பிறகு டோகுஜி ரயில் ஏறினார்.

வசந்தத்தில் மறுபடி போக விடுப்பு கேட்டு வைத்திருந்தார். பிப்ரவரியில் நாத்தனாரிடமிருந்து தபால் அட்டை வந்தது. இரண்டாவது முறை பக்கவாதம் வந்து கினுயோ இறந்துவிட்டதாகவும், பனிப்பொழிவு அதிகமாக இருந்ததால் இறுதிச்சடங்குக்கு உறவினர்கள் கூட முழுதாக வரமுடியவில்லை என்றும் எழுதியிருந்தார். டோகுஜி புத்தர் கோயிலுக்குப் போய், இறந்தவருக்காக சூத்திரம் ஓதச் சொன்னார். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று பிக்கு கேட்டாராம். டோகுஜி வெகுநேரம் நின்றார். பிக்கு பொறுக்கமாட்டாமல், "உங்க அக்காவா?" என்றார். டோகுஜி தலையாட்டிவிட்டு வந்தார்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது ஏழெட்டு வருஷம் கழித்து, புயலால் படகு நின்ற ஒரு பகலில். மத்தியானம் ஆரம்பித்தார். நான் எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. முடித்தபோது காற்று தணிந்திருந்தது. நாலரை மணிப் படகு புறப்படும் என்று எதிர்க்கரையிலிருந்து தொலைபேசி வந்தது. அவர் பலகையைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.