மாம்பலத்தில் விழுந்த பிறகு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நெரிசலில் நின்றிருந்தவள் விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்து. பூக்கூடைக்காரம்மா ஒருத்தி என் விரல்களை அதன்மேல் மூடி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இரும்ப உட்றாதம்மா. வலிப்பு நின்னுடும்."

"நுரை தள்ளலியே," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"சாவி குடுத்தேன்ல நைனா? அதான் தள்ளல."

வாதத்தில் ஓட்டையே இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரும்பு கொடுத்தார்கள், ஆகவே எனக்கு வந்தது வலிப்பு. பட்டம் வாங்கிய மூளை அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "வெளியில மூச்சு விடாதே," என்றாள். "குளிக்கிறப்போ தாழ்ப்பாள் போடாதே."

அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சு வேலை. அது நிரந்தரமாக, உடற்தகுதிச் சான்று வேண்டும். முன்பு வலிப்போ மயக்கமோ வந்ததுண்டா என்று கேட்பார்கள். மறைத்தால் பின்னால் வேலை போகும். சொன்னால் இப்போதே போகும். விதிகளில் இவ்வளவு சமநீதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பரிசோதனைக்கு அழைப்பு வருவதற்குள் என் உடம்பை ஒரு திருடனைப்போலக் கண்காணித்தேன். தினமும் விடிந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டி, தூக்கத்தில் வலிப்பு வந்து கடித்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தண்டவாளத்தை விட்டுத் தள்ளிச் சுவரோரமாக நிற்பேன். ஸ்டவ்வைத் தனியாகப் பற்றவைப்பதில்லை.

மெல்ல ஒன்று புலப்பட்டது. மறுபடி விழவில்லை என்றாலும் அந்தக் கிறக்கம் அவ்வப்போது எட்டிப் பார்த்தது, அதுவும் நிற்கும்போது மட்டும்தான். வெக்கையிலும் வெறும் வயிற்றிலும் சீக்கிரம் வந்தது. முதலில் காரணமில்லாமல் கொட்டாவி. பிறகு பேச்சுச் சத்தமெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். பிடரி சில்லிடும், மேலுதட்டில் வேர்க்கும். உடனே உட்கார்ந்தால் திரும்பிப் போய்விடும். ஆறுதலுக்காக நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினேன். வலிப்புக்கும் முன்னறிவிப்பு உண்டு என்று போட்டிருந்தது. அத்துடன் படிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

பரிசோதனை நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசை. என் முறை வந்து டாக்டரின் மேஜைமுன் நின்றதும் கொட்டாவி வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சமாளித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. விழுந்தால் எல்லாம் முடிந்தது. டாக்டர் கேட்ட கேள்வி எங்கோ தொலைவில் ஒலித்தது. பிடரி சில்லிட்டது. புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அதுவும் போதாமல் படுத்துவிட்டேன்.

"என்னம்மா இது?"

"மயக்கம் வரப்போகுது சார்."

அவர் எழுந்து வந்து நாடியைப் பிடித்தார். கம்பவுண்டரிடம் ஸ்டூலைக் கேட்டு வாங்கி என் கால்களை அதன்மேல் தூக்கி வைத்தார். "முன்னாடி வந்திருக்கா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஒரு தடவை விழுந்தேன். வலிப்புன்னாங்க."

"கை கால் இழுத்துதா?"

"எனக்குத் தெரியாது சார். நான் அப்போ அங்க இல்லை."

அவர் சிரிக்கவில்லை. "எழுந்ததும் என்ன செஞ்சீங்க?"

"ஆபீசுக்குப் போய் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டேன்."

"கையெழுத்து ஒழுங்கா வந்துதா?"

"வந்தது."

"வலிப்பு வந்து எழுந்தவங்க வீட்டுக்கு வழி தெரியாமக் குழம்பி நிப்பாங்கம்மா. உங்களுக்கு நின்னா ரத்தம் தலைக்கு ஏற மாட்டேங்குது. அவ்வளவுதான்." மேஜைக்குத் திரும்பி ஏதோ எழுதினார். பேனா ஓடுவதைக் கீழிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் மேலுதடு இன்னும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

"தகுதின்னு போட்டிருக்கேன்," என்றார்.

"எழுந்திருக்கலாமா சார்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

சற்று யோசித்துப் பார்த்தேன். "இன்னும் இல்லை," என்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய் அடுத்தவரைக் கூப்பிட்டார்.