இருபத்தொரு ஆரஞ்சுச் சட்டைகள்

ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப் போக யாராலும் முடியும். கூட்டிப் போன அத்தனை பேரையும் திருப்பிக் கொண்டுவருவதுதான் எங்கள் தொழில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவுச் சுற்றுலாப் படகில் இருந்தவர்கள்: படகோட்டி காதர். அவருக்கு உதவியாள் நான். தெம்பனிஸிலிருந்து கூட்டம் சேர்த்து வந்த குமரேசன், அவர் மனைவி செல்வி, செல்வியின் தம்பி மணி. அவர்களோடு அதே அடுக்குமாடி புளோக்கைச் சேர்ந்த ஆண்கள் ஏழு, பெண்கள் ஏழு, பிள்ளைகள் இரண்டு. மொத்தம் இருபத்தொன்று. லைஃப் ஜாக்கெட், அதாவது உயிர்காப்புச் சட்டை, இருபத்துநான்கு, எல்லாம் ஆரஞ்சு. ஆளுக்கு ஒன்று மாட்டியதும் பெட்டியில் மூன்று.

செம்பவாங் கப்பல் பட்டறையில் சாமான் எண்ணிக் கொடுத்துக் காலம் கழித்தவன் நான். படிப்பு குறைவு, எண்ணிக்கை தப்பாது. இந்தப் படகில் ஒன்பது வருடம், தீவில் யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. அன்று விட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களே, கோயில் சுற்றுலாவுக்கு ஆள் திரட்டுகிறவர்களே, இதைப் படித்ததும் நீங்களும் உங்கள் ஆட்களை மறுபடி எண்ணுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று விதிகள்

படகு கிளம்புமுன் நான் மூன்று விதிகள் சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அதனால் கடலைப் பார்த்தே சொல்வேன். தண்ணீரில் இருக்கும்போது சட்டையைக் கழற்றாதீர்கள். தீவில் மஞ்சள் மிதவைகளைத் தாண்டாதீர்கள். சாப்பாட்டு மிச்சத்தைக் கடலில் கொட்டாதீர்கள்.

மணி கை தூக்கினார். சுறா இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, சின்னது, நம்மைக் கண்டால் ஓடிவிடும் என்றேன். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்தார்கள். எந்த நாட்டுக் கடலிலோ யாரையோ சுறா இழுத்த வீடியோ இருபது நிமிடம் ஓடியது. என் மூன்று விதிகளைப் பற்றி வந்த கேள்விகள், பூஜ்யம். கடைசியில் குமரேசன் பொறுப்போடு கேட்டார்: "ரூல்ஸ் எல்லாம் ஓகே அங்கிள். சுறாவுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?"

கண் படும்

விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று தலைகளை எண்ண ஆரம்பித்தேன். ஏழாவது தலையில் செல்வி தடுத்தார். அவர் மடியில் ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. மூடியின் மேல் பூப்போட்ட துண்டு கட்டியிருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், அவர் சொன்னது எனக்கு வசதியாகவே இருந்தது. முகங்களைப் பார்ப்பதைவிட ஆரஞ்சு நிறத்தைப் பார்ப்பது எளிது. பின்னால் போய் நின்று முதுகுகளை எண்ணினேன். இருபத்தொன்று, பெட்டியில் மூன்று, கணக்கு சரி. செல்வி சொன்னது இதுதான்: "பிள்ளைங்க இருக்கு அங்கிள், தலையை எண்ணாதீங்க, கண்ணு படும். சட்டையை எண்ணிக்குங்க."

பகல் சாப்பாடு

தீவில் இறங்கி இரண்டு மணி நேரம் முழங்கால் தண்ணீருக்கு மேல் யாரும் போகவில்லை. பிறகு சோறு, மீன் குழம்போடு செல்வியின் பாத்திரத்தையும் திறந்தார்கள். சுறாப் புட்டு. காலையில் தேக்கா சந்தையில் வாங்கி, இஞ்சியும் பூண்டும் தாராளமாகப் போட்டு உதிர்த்தது. எனக்கும் காதருக்கும் தட்டு வந்தது. மிக நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மொத்தம் இருபத்தொரு தட்டு.

சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் சுறாவின் கொடுமையைப் பேசினார்கள். அதற்கு இரக்கமே கிடையாது, பசி இல்லாவிட்டாலும் கடிக்கும் என்றார் ஒருவர். மணி இரண்டாம் முறை தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "அதுக்கு மனுஷ ரத்தம் ஒரு சொட்டு போதும்க்கா, தேடி வந்துடும். இன்னும் கொஞ்சம் வைங்க."

தாக்குதல்

சாப்பிட்டு முடித்ததும் குழம்பு மீனின் தலை, முள், மீந்த சோறு எல்லாவற்றையும் துறை ஓரமாகத் தண்ணீரில் கொட்டினார்கள். குப்பைத் தொட்டி பதினாறு அடி தூரத்தில் இருந்தது. நான் "வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் ஒன்று வந்தது. முழங்கை நீளம். துடுப்பு நுனியில் மை தொட்டது போலக் கறுப்பு. முள்ளை முகர்ந்து பார்த்தது. மறுபடி முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்த பத்தொன்பது பேரும் கத்திக்கொண்டு கரையேறினார்கள், எல்லோருக்கும் முன்னால் மணி. சுறா எதிர்த்திசையில் ஓடியது. யார் வேகம் அதிகம் என்று சொல்ல முடியாது. பெண்கள் சிரித்ததில் மணியின் முகம் கறுத்துவிட்டது. குமரேசன் மூச்சிரைக்க என்னிடம் வந்தார்: "பாத்தீங்களா அங்கிள், ஒண்ணுமே செய்யாம இருந்தோம், தாக்க வந்துச்சு!"

கணக்கு சரியாக வந்தது

மூன்று மணிக்குக் கிளம்பினோம். நீர் வெளியே இழுக்கும் நேரம். பின்னால் நின்று எண்ணினேன். பெட்டியில் மூன்று. முதுகுகள் இருபது, என்னுடையதோடு இருபத்தொன்று. காதருக்குக் கை காட்டினேன்.

பதினோரு நிமிடம் ஆனது. காதருக்கு மீந்த புட்டைக் கொடுக்கலாம் என்று செல்வி எழுந்து, பக்கத்தில் இருந்தவரின் சட்டை வாரை அவிழ்த்தார். குட்டையாக, குண்டாக, பூப்போட்ட துண்டு கட்டி உட்கார்ந்திருந்த அந்த இருபத்தொன்றாவது ஆள், பாத்திரம். இருக்கையில் கிடந்த சட்டையை எடுத்து, உருளாமல் இருக்க அதற்கு மாட்டியிருக்கிறார்.

"இது யார் சட்டைம்மா?" என்றேன். முன்னால் இருந்தவர்கள், மணி அக்காவோடு இருப்பதாக நினைத்திருந்தார்கள். அக்கா, அவன் முன்னால் இருப்பதாக நினைத்திருந்தார். காதர் படகைத் திருப்பினார். செல்வி பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் விரல் நீட்டி, கண் படட்டும் என்று, என்னையும் சேர்த்துத் தலைகளை எண்ணினேன். இருபது. மறுபடி இருபது. குமரேசன் மட்டும் மெல்லச் சொன்னார்: "ஆரஞ்சு கலரைப் பார்த்தா சுறா வரும்னு வீடியோவில சொன்னாங்க. அதான் படகுல கழட்டிப் போட்டுட்டு நீந்தப் போனான். வந்துட்டான்னு நினைச்சேன்."

மிதவையில்

சிரித்தவர்களுக்குத் தன் தைரியத்தைக் காட்ட மணி தனியாக மஞ்சள் மிதவைகளைத் தாண்டிப் போயிருக்கிறார். நீர் இழுத்திருக்கிறது. திரும்ப முடியாமல் கடைசி மிதவையைக் கட்டிப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. நானும் குமரேசனும் கையைப் பிடித்து ஏற்றினோம். கெண்டைக்காலில் ரத்தம்.

"சுறா! கடிச்சிருச்சு!" என்றார். காதர் காலைத் துடைத்துப் பார்த்தார். மிதவைக் கயிற்றில் ஒட்டியிருந்த சிப்பி கீறியது, மூன்று கீறல். அதைச் சொன்னோம். யாரும் கேட்கவில்லை. தீவின் துறை சேருமுன்னே அந்தக் கால் எத்தனையோ கைப்பேசிகளில் சுறாக் கடியாகப் போய்விட்டது. மஞ்சள் மிதவையைத் தாண்டாதே என்ற பலகைக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து மணி சொன்னார்: "இங்க சுறா இருக்குன்னு ஒரு போர்டு வைக்கணும் அங்கிள். வைக்காதது யார் தப்பு?"

சட்டையை எண்ணி ஆள் என்று நம்பியது என் தப்பு. அதை அன்றே படகு முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மணிக்குப் பதில் சொல்லுமுன் செல்வி தம்பியின் ஈரத் தலையைப் பிடித்து என் பக்கம் திருப்பினார்: "முதல்ல இதை எண்ணுங்க அங்கிள். தொட்டு எண்ணுங்க."

தொட்டு எண்ணினேன்: போனது இருபத்தொரு பேர், வந்தது இருபத்தொரு பேர், சுறா கடித்த மனிதர் பூஜ்யம், மனிதர் கடித்த சுறாவில் மீந்தது நான்கு கரண்டி.