பூட்டு சார் நம்பிய ஒன்று

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு சார். தண்ணீர் பாட்டிலைக்கூட மேசை டிராயரில் வைத்துப் பூட்டுவார். பூட்டியதும் இழுத்துப் பார்ப்பார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார்.

கம்ப்யூட்டரில் இருக்கும் வரைபடத்தின்படி துணியை வெட்டும் இயந்திரம் என் அண்ணியின் பொறுப்பு. துண்டுகளில் நம்பர் ஒட்டுவது என் வேலை. படிப்பைப் பாதியில் விட்ட என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அண்ணிதான்.

ஒரு திங்கட்கிழமை, தைத்து வந்த சீருடைச் சட்டைகள் எல்லாம் சிறுத்திருந்தன. சூப்பர்வைசர் நேராக அண்ணியிடம் வந்தார். விரிக்கும்போது துணியை இழுத்துப் பிடித்தால், வெட்டிய பிறகு அது சுருங்கிவிடும். அவசரத்தில் சிலர் அப்படிச் செய்வதுண்டு.

“இழுத்து விரிச்சிருக்கீங்க. ஒத்துக்கங்கம்மா.”

“சத்தியமா இல்ல சார். போன வாரம் கம்ப்யூட்டர்ல என்னமோ மாத்தினாங்களே, அதக் கேளுங்க.”

பூட்டு சாரின் முகம் சுண்டிவிட்டது. “லைப்ரரிய அப்டேட் பண்ணேன், அவ்வளவுதான். உலகமே அதத்தான் உபயோகிக்குது. அதுல தப்பு வராது.”

லைப்ரரி என்றால் வேறு யாரோ எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பாம். எங்கள் இயந்திரத்தின் மென்பொருள் அதை வைத்துத்தான் ஓடுகிறதாம். பக்கத்தில் இருக்கும் எங்களிடமிருந்து தண்ணீரைப் பூட்டுகிறவர், முகம் தெரியாதவர்கள் எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

“நாளைக்குள்ள காரணம் தெரியலன்னா, நீங்க வேற எடம் பாத்துக்கங்க” என்றார் சூப்பர்வைசர் அண்ணியிடம்.

சாப்பிடும்போது எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் அண்ணியின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

மதியம் வேறொரு மாடல் சட்டைகள் தைத்து வந்தன. அளவு சரியாக இருந்தது. அண்ணி இரண்டையும் தூக்கிக்கொண்டு பூட்டு சார் முன்னால் போய் நின்றார்.

“இது புது மாடல், சரியா வந்திருக்கு. அது பழைய மாடல், சிறுத்திருக்கு. ரெண்டையும் விரிச்சது இதே கைதான். என் கை என்ன, மாடல் பாத்தா இழுக்குது?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பழைய மாடலின் வரைபடத்தைப் பழைய லைப்ரரியில் ஒன்று, புதியதில் ஒன்று என அச்சடித்தார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தார். புதியது சுற்றிலும் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளியிருந்தது. தையலுக்கு விடவேண்டிய துணியைக் காணோம்.

பழைய வரைபடங்களில் அந்த அளவைப் போடாமல் காலியாகவே விட்டிருந்தார்கள். காலியாக இருந்தால் பழைய லைப்ரரி தானாகச் சேர்த்துக்கொள்ளும். புதியது எதையும் சேர்க்காது. அப்டேட்டுக்குப் பிறகு வரைந்த புது மாடலுக்கு மட்டும் அது அந்த அளவைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

“சொல்லாம கொள்ளாம மாத்திட்டானுங்க” என்றார் பூட்டு சார், வீட்டில் களவு போனவர் போல. பிறகு அவரே போய் சூப்பர்வைசரிடம் சொன்னார். பழைய லைப்ரரி திரும்பி வந்தது. அண்ணியின் வேலையும் தப்பியது.

மறுநாள் காலை அண்ணி துணி விரிக்கும்போது சூப்பர்வைசர் அங்கேயே நின்று, விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நல்லா இழுத்துப் பாருங்க சார். வாசல் வரைக்கும் போயிட்டு வந்து இன்னொரு தடவ இழுங்க” என்றார் அண்ணி.

எல்லோரும் சிரித்துவிட்டோம். பூட்டு சார் சிரிக்கவில்லை. அப்டேட் செய்யச் சொல்லித் திரையில் வந்த அறிவிப்பை மூடிவிட்டு, மறுபடியும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.